ஓடுவதுபோல் நிற்கும் நீர்

(மன்றத்தின் ஆண்டு விழாவில், இளைஞர் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

    

இந்த மேடையிலே ஆண்டுதோறும் அறிஞர் பெருமக்கள் சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் பேசக் கேட்டு வளர்ந்தவன் நான். இம்முறை விஞ்ஞானப் பொருள் ஒன்றை இளைஞர் ஒருவர் எடுத்துப் பேச வேண்டுமெனச் செயற்குழு தீர்மானித்தது. பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலுகின்றவன் என்ற ஒரே காரணத்தால் அந்தப் பொறுப்பு என்மீது வந்து சேர்ந்தது. பிழை இருப்பின் சிறியேனைப் பொறுத்தருளுமாறு முதற்கண் வேண்டிக்கொள்ளுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் பூங்காக்களிலுள்ள குளங்களிலும் அலங்கார நீரூற்றுகளிலும் வாழும் தீய கிருமிகள் பற்றியது. விழா நாளிலே பேசுவதற்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நமது மண்டபத்தின் முன்றிலிலே சிறுவர்க்கென ஒரு பூங்கா அமையவிருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதன் நடுவே கல்லாலான நீரூற்று ஒன்றை அமைத்துத் தருவதாக நம் பெரியவர் ஒருவர் மனமுவந்து கூறியுள்ளார். தம் தாயாரின் நினைவாக அவர் செய்ய விரும்பும் தருமம் அது. அந்தத் தருமம் என்றும் குறைவின்றி விளங்க வேண்டும் என்ற ஆசையினாலேதான் இந்தப் பொருளை எடுத்தேன்.

தெளிந்த நீர் தூய நீரா?

நான் படித்தது ஒரு மிசன் பாடசாலையிலே. அங்கே விஞ்ஞான ஆசிரியர் ஒருநாள் எங்களை அழைத்து, பாடசாலைப் பூந்தோட்டத்துத் தொட்டியிலிருந்து ஒரு குவளை நீர் எடுத்து வரச் சொன்னார். நீர் பளிங்குபோல் இருந்தது. “இதை யார் குடிப்பீர்கள்?” என்று கேட்டார். கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். பின்னர் அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுணுக்குக்காட்டியின் கீழ் எங்களைப் பார்க்கச் செய்தார். அந்தத் துளியினுள்ளே ஓர் ஊரே இருந்தது. ஓடுவன, உருளுவன, ஒன்றையொன்று விழுங்குவன எனப் பல உயிர்கள். “நீங்கள் காண்பவை பெரியவை. நோய் செய்யும் பற்றீரியாக்கள் இவற்றைவிடப் பன்மடங்கு சிறியவை” என்றார் ஆசிரியர். உயர்த்திய கையை நான் மெல்ல மறைத்துக்கொண்டேன்.

அன்று நான் கற்ற பாடத்தை உலகம் கற்று நெடுங்காலமாகவில்லை. 1884 ஆம் ஆண்டிலே றொபேட் கொக் என்னும் ஜேர்மானிய அறிஞர் கல்கத்தாவிலே வாந்திபேதி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். நோய் பரவிய ஓரிடத்திலே சனங்கள் குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் குடிப்பதற்கும் ஒரே குளத்தைப் பயன்படுத்தினர். அந்தக் குளத்து நீரிலே, நோயாளரின் குடலிற் கண்ட அதே கிருமியை அவர் கண்டார். குளத்து நீருக்கும் மனிதனின் மரணத்துக்கும் இடையிலுள்ள சங்கிலி அன்று கண்ணுக்குத் தெரிந்தது.

பூங்காக் குளத்துக்கு வரும் விருந்தினர்

ஒரு பூங்காக் குளத்திலே கிருமிகள் எங்கிருந்து வருகின்றன? தாமாக முளைப்பதில்லை. மழை வெள்ளம் தெருவின் அழுக்கை அடித்து வருகிறது. வாத்தும் கொக்கும் காகமும் எச்சமிடுகின்றன. நாய் நீர் குடிக்க வருகிறது. இரவிலே எலி வருகிறது. குழந்தைகள் பாண் துண்டுகளை எறிகிறார்கள். மீன் தின்றது போக மிகுதி அடியிலே அழுகுகிறது. அருகே மலசலகூடக் குழி இருப்பின் அதன் ஊறலும் வந்து சேருகிறது.

இவற்றால் வரும் கிருமிகளை மூன்று வகையாகப் பிரித்துச் சொல்லலாம்.

முதல் வகை குடலிலிருந்து வருவன. மனிதர், விலங்கு, பறவை ஆகியவற்றின் கழிவிலிருந்து ஈ-கோலை, சல்மொனெல்லா, கம்பைலோபக்ரர், சிகெல்லா முதலியன நீரிற் கலக்கின்றன. ஈ-கோலையிற் பெரும்பாலானவை நம் குடலில் அமைதியாக வாழ்வன. ஆயினும் நீரிலே அது காணப்பட்டால், மலம் கலந்துள்ளது என்பதற்கு அது சாட்சி. அதனாலேதான் குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஓர் ஈ-கோலை தானும் இருத்தலாகாது என்று விதித்துள்ளனர். சிகெல்லா மிகப் பொல்லாதது. நூற்றுக்கும் குறைந்த கிருமிகள் வாய்க்குட் சென்றாலே இரத்தங் கலந்த வயிற்றோட்டத்தை உண்டாக்க வல்லது. ஒரு குழந்தை விளையாட்டாக ஒரு மிடறு விழுங்கினாற் போதும்.

இரண்டாம் வகை எலியின் சிறுநீரிலிருந்து வருவது. இதனை நாம் எலிக்காய்ச்சல் என்கிறோம். லெப்ரொஸ்பைரா என்னும் சுருள்வடிவக் கிருமியே இதன் காரணம். 1915 ஆம் ஆண்டளவில் யப்பானிய அறிஞர்களான இனாடாவும் இடோவும் இதனைக் கண்டறிந்தனர். இக்கிருமி வாய்வழியாகத்தான் புக வேண்டும் என்பதில்லை. காலிலுள்ள சிறு கீறல் போதும். கண், மூக்கு ஆகியவற்றின் மெல்லிய தோல் போதும். நம் நாட்டிலே 2008 ஆம் ஆண்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. 2024 ஆம் ஆண்டு மார்கழியில், வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஒரு காய்ச்சல் பரவிச் சிலரின் உயிரைக் கவர்ந்தது. பெயர் தெரியாத காய்ச்சல் என்று சனங்கள் அஞ்சினர். பரிசோதித்தபோது அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது.

இந்த நோயைப் பற்றிப் பேசும்போது நான் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் இளைஞர் சிலர் பொதுப் பூங்கா ஒன்றின் குளத்தைச் சிரமதானம் செய்து துப்புரவாக்கினோம். நல்ல வேலை என்று எல்லோரும் பாராட்டினர். எவரும் காலணி அணியவில்லை. அணிய வேண்டும் என்று எவரும் நினைக்கவுமில்லை. எங்களில் ஒருவருக்குக் காலிலே முள் கீறிய புண் இருந்தது. பத்தாம் நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. கெண்டைக்கால் தொட முடியாத நோவு, கண் சிவந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணி வீட்டிலே மூன்று நாள் கசாயம் குடித்துப் படுத்திருந்தார். நான்காம் நாள் சிறுநீர் குறையவே பயந்து வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். “குளம், வயல், வாய்க்கால் எதிலாவது இறங்கினாரா?” என்று வைத்தியர் கேட்டார். அந்த ஒரு கேள்வியிலே நோய் பிடிபட்டது, அவரும் பிழைத்தார். இன்று இந்தச் சபையிலேதான் இருக்கிறார். பெயர் சொன்னாற் கோபித்துக்கொள்வார், ஆதலாற் சொல்லவில்லை.

அந்தப் பிழை பூங்காவைப் பராமரித்தவர்களுடையது மாத்திரமன்று, எங்களுடையதுந்தான். சேவை செய்ய மனம் இருந்தது. செய்யும் முறை தெரிந்திருக்கவில்லை. நெல்வயலில் இறங்குவோருக்கு முன்கூட்டியே கொடுக்கப்படும் தடுப்பு மாத்திரை உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டிருந்தால் எங்களுக்கும் வழி சொல்லியிருப்பார். நாங்கள் கேட்கவில்லை.

மூன்றாம் வகை பாசிபோலத் தோன்றும் பற்றீரியா. நீலப்பச்சைப் பாசி என்று இதனைச் சொல்லிவந்தாலும் உண்மையிலே இது பாசியன்று. பற்றீரியா இனத்தைச் சேர்ந்தது. நீரிலே பொசுபேற்றும் நைதரசனும் மிகுந்து, வெயிலும் சேர்ந்துவிட்டால் இது பெருகி, பச்சை வர்ணத்தைக் கரைத்து ஊற்றியதுபோல நீர்ப்பரப்பை மூடும். இவற்றிற் சில இனங்கள் ஈரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்குவன. 1878 ஆம் ஆண்டிலேயே அவுஸ்திரேலியாவில் ஓர் ஏரிக் கரையிலே இத்தகைய நீரைக் குடித்த கால்நடைகள் மடிந்ததை ஜோர்ஜ் பிரான்சிஸ் என்பவர் எழுதி வெளியிட்டார். 1996 இல் பிரேசில் நாட்டின் கறுவாறு என்னும் நகரிலே, சிறுநீரக நோயாளரின் குருதியைச் சுத்திகரிக்கப் பயன்படுத்திய நீரில் இந்நஞ்சு கலந்திருந்தமையால் ஐம்பது பேர்வரையில் மாண்டனர். கொதிக்க வைத்தாலும் இந்நஞ்சு அழியாது என்பதை நம் தாய்மார்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

இது எங்கோ தூரதேசத்துச் செய்தி அன்று. கண்டி வாவியின் அழகைப் பாடாதவர் இல்லை. அந்த வாவியே 1999 இல் இக்கிருமி பெருகிப் பச்சை நிறமாயிற்று. கொழும்பு நகரின் நடுவிலுள்ள பேரை வாவியின் நிறமும் மணமும் அவ்வழியாகச் சென்றவர்களுக்குத் தெரியும். சவர்க்கார நீரும் கழிவும் உரமும் ஆண்டாண்டாக வந்து சேர்ந்தால் எந்த அழகிய வாவிக்கும் இக்கதி நேரும்.

நீரூற்றின் மாயம்

இனி நீரூற்றுக்கு வருவோம். “ஓடுகின்ற நீரில் அழுக்கில்லை” என்று நம் வீடுகளிலே பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆற்றைப் பொறுத்தவரையில் அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆற்றிலே ஒரு நீர் போக வேறொரு நீர் வருகிறது. ஆனால் அலங்கார நீரூற்றிலே அப்படியன்று. கீழேயுள்ள தொட்டி நீரைப் பம்பி இறைத்து மேலே வீசுகிறது. விழுந்த நீர் மீண்டும் அதே தொட்டிக்குச் செல்கிறது. மறுபடியும் மேலே வருகிறது. காலை தொடக்கம் மாலை வரை நாம் காண்பது ஒரே நீரைத்தான். அது ஓடுவதுபோலத் தோன்றுகிறது, உண்மையில் நிற்கிறது. நிற்கும் குளத்தின் குற்றங்கள் யாவும் அதற்கு உண்டு. மேலும் ஒரு குற்றமும் உண்டு. குளம் தன் கிருமியைத் தன்னுள்ளே வைத்திருக்கும்; நீரூற்றோ அதனைக் காற்றிலே தூவும்.

இரண்டு வகையான ஆபத்துகளை நாம் அறிந்திருத்தல் வேண்டும். ஒன்று குழந்தைகள் அதில் விளையாடுவதால் வருவது. 1999 ஆம் ஆண்டு ஆவணியிலே ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற் கடற்கரைப் பூங்கா ஒன்றிலே, குழந்தைகள் நனைந்து விளையாடுவதற்கென்றே ஒரு நீரூற்று திறக்கப்பட்டது. விழுந்த நீர் நிலத்தின் கீழுள்ள தொட்டிக்குச் சென்று மீண்டும் மேலே வரும். வடிகட்டும் கருவி இல்லை. கிருமி கொல்லும் குளோரீன் மாத்திரைகள் வைக்கப்பட்டிருந்தன. ஆனால் அவை ஏழு முதற் பத்து நாளிற் கரைந்து தீர்ந்துபோயின. தீர்ந்ததை எவரும் பார்க்கவில்லை, புதிதாக வைக்கவுமில்லை. அரைக்கச்சை கட்டிய சிறு குழந்தைகளும் அதில் விளையாடினர். சிகெல்லாவும், குளோரீனுக்கும் எளிதில் அடங்காத வேறொரு நுண்ணுயிரும் பரவி முப்பத்தெட்டுப் பேர் வயிற்றோட்டத்தால் வருந்தினர்.

அன்பர்களே! அங்கே கிருமி கொல்லும் மாத்திரை இல்லாமற் போகவில்லை. தீர்ந்த மாத்திரையைப் பார்த்து மாற்ற ஒருவர் இல்லாமற்போனார். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

மற்ற ஆபத்து இன்னும் வியப்பானது. நீரைத் தொடவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம். அருகே நின்று மூச்சு விட்டாற் போதும். 1976 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே ஒரு பெரிய ஹோட்டலிற் பழைய போர்வீரர் சங்கத்தினர் மாநாடு கூடினர். வீடு திரும்பியவர்களுக்குக் கடுமையான நியுமோனியாக் காய்ச்சல் கண்டது. ஹோட்டலின் அருகே தெருவிற் சென்றவர்களையும் சேர்த்து 34 பேர் இறந்தனர். நாடே நடுங்கியது. சில மாதங்களின் பின் யோசப் மக்டேட் என்னும் ஆராய்ச்சியாளர் அதற்குக் காரணமான பற்றீரியாவைக் கண்டுபிடித்தார். வீரர் சங்கத்தின் பெயராலேயே அதற்கு லெஜியோனெல்லா என்று பெயரிட்டனர்.

இக்கிருமி குளங்களிலும் ஆறுகளிலும் சிறிதளவில் வாழ்வது. அங்கே பெரிதாகத் தீங்கு செய்வதில்லை. மனிதன் கட்டிய தொட்டியும் குழாயுமே அதற்கு மாளிகை. தொட்டியின் சுவரிலே வழுவழுப்பான படலம் ஒன்று படிவதை நாம் கண்டிருக்கிறோம். அந்தப் படலத்தினுள்ளே அமீபாக்கள் வாழும். அமீபாவின் வயிற்றினுள்ளே புகுந்து லெஜியோனெல்லா பெருகும். தன்னைத் தின்ன வந்தவனையே வீடாக்கிக்கொள்ளும் வித்தை அது! 20 பாகை முதல் 45 பாகை செல்சியஸ் வரையுள்ள நீர் அதற்கு ஏற்றது. குளிர்நாட்டார் தம் நீரூற்றின் நீர் வெப்பமடைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்; நம் நாட்டிலோ நீர் பெரும்பாலும் அந்த அளவுக்குள்ளேதான் இருக்கிறது. அழகுக்காக நீருக்கடியில் மின்விளக்கு வைத்தால் வெப்பம் இன்னும் ஏறும். பம்பி நீரை வீசும்போது உண்டாகும் மிக நுண்ணிய துளிகள் காற்றிலே மிதந்து சுவாசப்பையின் அடிவரை செல்லும். நோயும் அங்கே தொடங்கும்.

இவ்வாறு நேர்ந்ததற்குச் சான்றுகள் உண்டு. 1992 இல் புளோரிடாவின் ஓர்லண்டோ நகரில் ஒரு ஹோட்டலின் அலங்கார நீரூற்றே விருந்தினரின் நோய்க்குக் காரணம் என்று கிருமிகளை ஒப்பிட்டு நிறுவினர். 1999 மாசியில் ஒல்லாந்து தேசத்திலே பொவன்கார்ஸ்பெல் என்னும் ஊரில் மலர்க் கண்காட்சி ஒன்று நடந்தது. அங்கே விற்பனைக்காகக் காட்சிக்கு வைத்திருந்த வெந்நீர்த் தொட்டியில் ஒருவரேனும் குளிக்கவில்லை. அதன் நீர்க்குமிழிகள் எழுப்பிய துவாலையே போதுமாயிற்று. மலர் பார்க்க வந்தவர்களில் இருநூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 32 பேர் இறந்தனர். 2010 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே ஒரு வைத்தியசாலையின் வாசல் மண்டபத்தில் நோயாளரின் மனம் ஆறுவதற்கென அமைத்த நீர்ச்சுவர் எட்டுப் பேருக்கு இந்நோயைத் தந்தது. ஆறுதலுக்கென வைத்ததே அல்லலாயிற்று.

இந்நோய் சாதாரணமாக ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. சிறுவரைவிட முதியவரையும், புகைபிடிப்பவரையும், நீரிழிவும் சுவாசநோயும் உள்ளவரையுமே அதிகம் தாக்குகிறது. சிறப்புப் பரிசோதனை செய்யாவிட்டால் மற்ற நியுமோனியாவிலிருந்து இதனைப் பிரித்தறிய இயலாது. பூங்காவிலே பேரக்குழந்தை விளையாடும்போது நீரூற்றின் அருகே வாங்கில் இருந்து காற்று வாங்குபவர் யார்? நம் பாட்டனாரும் பாட்டியாருமே.

தீர்த்தமும் சுத்தமும்

இவற்றையெல்லாம் கேட்டு, “நாம் நாள்தோறும் வணங்கும் தீர்த்தக் கேணியையும் நீ குறை கூறுகிறாயா?” என்று ஒருவர் கேட்கலாம். ஒருபோதும் இல்லை. தீர்த்தத்தை மதித்ததனாலேதான் அதற்கு நம் முன்னோர் ஒழுக்கம் வகுத்தனர். கேணியிலே துப்பாதே, எச்சிற் படுத்தாதே, அழுக்குத் துணி துவைக்காதே என்று எங்கள் பாட்டிமார் சொன்னவற்றை இன்று ஆய்வுகூடத்திலே வேறு மொழியிற் கேட்கிறோம். கோடையிலே ஊர் கூடிக் கேணி இறைத்துச் சேறு அள்ளியதும் வெறும் சடங்கன்று. புனிதம் என்ற பெயரால் நீரைக் காத்தார்கள். நாமோ புனிதம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு, காக்கும் வேலையை விட்டுவிட்டோம். கேணியிலே பொலித்தீன் பை மிதப்பதைக் கண்டும் காணாதவர்போலத் தேவாரம் பாடிக்கொண்டு செல்கிறோம். இதனைச் சொல்லும்போது நான் என்னையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

நாம் செய்ய வேண்டியது யாது?

அப்படியானால் நீரூற்றே வேண்டாமா? வேண்டாம் என்று சொல்வதற்காக நான் இங்கு வரவில்லை. ஒழுங்காகக் காக்கப்படும் நீரூற்றிலே ஆபத்து பெரிதும் குறையும். நீரைக் குறித்த காலத்தில் முழுவதும் வெளியேற்றி, தொட்டியின் வழுவழுப்பைத் தேய்த்துக் கழுவி, வடிகட்டியைத் துப்புரவாக்கி, குளோரீனின் அளவை நாள்தோறும் சோதித்து வைத்தால் கிருமிகள் பெருகும் வாய்ப்புக் குறையும். குளோரீன் வெயிலிலே விரைந்து அழிவது. ஆகையால் இன்று இட்டது நாளைக்கும் இருக்கும் என்று நம்பலாகாது. சில நாள் நிறுத்தி வைத்த ஊற்றைக் கழுவாமல் மீண்டும் இயக்குதல் ஆகாது. நிறுத்திய தொட்டியில் நீரைத் தேங்கவிட்டால் நுளம்பு பெருகும், டெங்கு வரும்.

ஆகவே செயற்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, நீரூற்றைக் கட்டுவதற்கு ஒதுக்கும் பணத்தோடு, அதனைப் பராமரிப்பதற்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கப்படல் வேண்டும். கட்டுவது ஒருநாட் செலவு. காப்பது என்றுமுள்ள செலவு.

இரண்டாவது, இளைஞர் மூவரின் பெயர் அதற்குப் பொறுப்பாகக் குறிக்கப்பட வேண்டும். ஒரு கொப்பியிலே நாள், குளோரீன் அளவு, கழுவிய விபரம், பார்த்தவரின் கையொப்பம் ஆகியன எழுதப்பட வேண்டும். “எல்லோரும் பார்ப்போம்” என்றால் எவரும் பார்க்கமாட்டார் என்பதைப் புளோரிடாவின் தீர்ந்துபோன மாத்திரைகள் நமக்குச் சொல்லுகின்றன.

மூன்றாவது, கொப்பியிலே ஒருநாட் கையொப்பம் இல்லையானால் அன்று பம்பியை நிறுத்தும் அதிகாரம் அந்த மூவருக்கும் இருக்க வேண்டும். திருவிழா நாளாயினும், பிரமுகர் வரும் நாளாயினும் சரியே.

இம்மூன்றும் நம்மால் இயலாது என்று தோன்றினால், நீரைத் தூவாத சிறு தாமரைத் தடாகத்தை வேலியிட்டு அமைப்போம். அருகிலே குழந்தைகள் கைகழுவவும் குடிக்கவும் நல்ல குழாய்நீர் வைப்போம். தாகத்துக்கு நீர் தருவதைவிடத் தாயின் நினைவுக்கு ஏற்ற தருமம் வேறில்லை.

தருமம் செய்ய முன்வந்த பெரியவர் அவர்களே! தாங்கள் என் பேச்சைக் கேட்டு மனம் வருந்தியிருந்தால் மன்னிக்க வேண்டும். அந்தக் கல்லிலே தங்கள் தாயாரின் பெயர் பொறிக்கப்படும். நாங்கள் எல்லோரும் போன பின்னும் அந்தப் பெயர் அங்கே இருக்கும். அதனருகே நனைந்து விளையாடிய எந்தக் குழந்தையும் நோயுற்றது என்ற சொல் அந்தப் பெயரோடு சேரக் கூடாது என்பதே என் கவலை. பொறுப்பேற்கும் மூவரில் முதலாவதாக என் பெயரை எழுதிக்கொள்ளுமாறு செயலாளரை வேண்டுகிறேன். விடுமுறை முடிந்து நான் பல்கலைக்கழகம் செல்லும் நாட்களில் என் இடத்தில் நிற்பதற்கு, எலிக்காய்ச்சலிலிருந்து பிழைத்த நண்பர் ஏற்கெனவே இசைந்துள்ளார். இம்முறை அவர் காலணி அணிவார்!